எப்படி வந்தது?

ரூ பிலிப்-து-ஜிராரில் எங்கள் ஆட்களுக்கு இரகசியம் தங்காது. ஒருவருக்கு விசா கிடைத்த செய்தி மரக்கறிக் கடையில் தொடங்கினால், சலூனைத் தாண்டித் தேநீர்க் கடைக்கு வருவதற்குள் அவருக்குப் பெண்ணும் பார்த்து முடிந்திருக்கும். லா சப்பலின் இந்தத் தெருக்களில்தான் பலர் பாரிஸுக்கு வந்த முதல் வாரத்தில் வேலை கேட்டார்கள், அறை கேட்டார்கள், ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். மாணிக்க விநாயகர் ஆலயமும் ரூ பஜோலுக்கு மாறுவதற்கு முன் இங்கேதான் இருந்தது. தெரிந்தவர்கள் இருக்கும் இடம் என்பதால் நாங்கள் இங்கே வருகிறோம். அதே காரணத்தால் சிலர் இங்கே வருவதில்லை.

அப்படி வராத ஒருவரை ஒரு மருத்துவமனையில் கண்டேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. நான் மொழிபெயர்ப்பாளராக அழைக்கப்பட்டிருந்தேன். தொற்றுநோய்ப் பிரிவு, எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்குவதற்கான முதற் சந்திப்பு. கதவைத் திறந்து உள்ளே போனேன். வணக்கம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் மருத்துவரிடம் சொன்னார்: "தமிழ் வேண்டாம்."

மருத்துவர் அது ஏதோ மொழிப் பிழை என்று நினைத்து மறுபடியும் கேட்டார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். நான் வெளியே வந்து நடைவழி நாற்காலியில் இருந்தேன். உள்ளே ஒரு மனிதர், தன் உயிரைக் காக்கும் மருந்தைப் பற்றி, தனக்கு முழுதாகப் புரியாத மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முழுதாகப் புரியும் மொழி கதவுக்கு வெளியே சும்மா இருந்தது.

அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தொழில் இரகசியம் காப்பவன் நான், என்னை நம்பவில்லையே என்ற கோபம். பிறகு யோசித்தபோது அவர் பயந்தது என்னைப் பற்றியல்ல என்று விளங்கியது. அவர் ஒரு கேள்விக்குப் பயந்தார். அந்தக் கேள்வியை நான் வாயால் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் தமிழ் முகம் ஒன்று உள்ளே வந்தவுடன் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "எப்படி வந்தது?"

வேறு எந்த நோய்க்கும் நாங்கள் இதை இந்தத் தொனியில் கேட்பதில்லை. நீரிழிவு வந்தவரிடம் எத்தனை வருடம் இனிப்புத் தின்றாய் என்று விசாரணை வைப்பதில்லை. மாரடைப்பு வந்தவரின் சிகரெட்டை மன்னித்துவிடுகிறோம். எச்.ஐ.வி. என்றால் மட்டும் இரக்கத்துக்கு முன் ஒரு வாசல் இருக்கிறது. வந்த வழியைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கணவனிடமிருந்து மனைவிக்கு வந்ததா, ஏற்றிய இரத்தத்தில் வந்ததா, தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்ததா? அப்படியானால் பாவம், அப்பாவி. வேறு வழியென்றால் குரல் மாறிவிடும். நோயாளியின் நடத்தை எங்கள் இரக்கத்தின் விலையாக இருக்கலாமா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மருந்து எல்லோருக்கும் போய்ச் சேருவதற்கும் இந்தக் கேள்விக்கும் என்ன தொடர்பு என்பதைத் தமிழ்நாட்டின் கதை நன்றாகவே காட்டுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முதலில் சென்னையில்தான் தெரியவந்தது. 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் இதை ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். இந்த நோய் மேலை நாடுகளுக்கு உரியது, எங்கள் பண்பாடு எங்களைக் காப்பாற்றும் என்று பெரும்பாலானோர் நம்பிய காலம். நிர்மலா அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் போய் இரத்த மாதிரிகள் எடுத்தார். வசதியான ஆய்வகம் இல்லாததால் அவற்றை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. செய்தி சட்டமன்றம்வரை போனது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு மருத்துவப் பெண்களின் துணிவோடு நிறுத்திவிடுவார்கள். அந்தத் துணிவு உண்மை. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன நடந்தது? சென்னையில் எச்.ஐ.வி. இருப்பதாகக் கண்டறியப்பட்ட பாலியல் தொழிலாளர்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும், நோயைப் பரப்பிவிடுவார்கள் என்ற காரணத்துக்காக அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில், 1990இல், சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். அவர்களிடம் போன ஆண்கள் எவரும் அடைக்கப்படவில்லை. ஒரு நாட்டுக்கு எச்சரிக்கை தந்தது அந்தப் பெண்களின் இரத்தம். அந்த நாடு அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது பூட்டிய கதவு.

அந்தக் கதவு கொடுமையானது என்பதோடு, நோயைத் தடுக்கவும் அது உதவவில்லை. பரிசோதித்தால் அடைப்பார்கள் என்றால் யார் பரிசோதனைக்கு வருவார்கள்? கோவாவில் 1989இல் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் இரத்ததானம் செய்தார். அந்த இரத்தத்தில் தொற்று தெரிந்ததும் பொலிஸ் அவரைப் பிடித்துப்போய் இரண்டு மாதங்களுக்கு மேல் தனிமைப்படுத்தி வைத்தது. நல்லது செய்யப்போனவருக்கு அதுதான் கிடைத்தது. அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. தெரிந்துகொள்ளாதவரிடமிருந்துதான் வைரஸ் அமைதியாக அடுத்தவருக்குப் போகிறது.

தமிழ்நாடு இதைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் எடுத்தது. சுனிதி சாலமன் 1993இல் தனியாக ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். மாநில அரசு 1994இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைப் பதிவுசெய்தது. கோப்புகள் அலுவலக மாடிகளில் தூங்காமல் பணம் நேராகக் களத்துக்குப் போகவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். பின்னர் மற்ற மாநிலங்களும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. பூட்டிவைக்கப்பட்ட அதே பாலியல் தொழிலாளர்கள் இப்போது ஆணுறை கொண்டுபோய்க் கொடுக்கும், சக பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துவரும் ஊழியர்களானார்கள். லொறிச் சாரதிகளிடம் லொறிச் சாரதிகளே பேசினார்கள். 1998இல் கௌசல்யா பெரியசாமியும் அவரைப் போன்ற சில பெண்களும் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கித் தங்கள் பெயரோடும் முகத்தோடும் பேசினார்கள்.

பழைய கேள்வி மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். யாரும் வாய் திறக்காத விடயத்தை அந்த விளம்பரம் தேநீர்க் கடைப் பேச்சாக்கியது. அந்த நன்மை பெரிது. ஆனால் அது பழைய வாசலையும் அப்படியே விட்டுவைத்தது. எய்ட்ஸ் என்பது புள்ளிராஜாக்களுக்கு வருவது. நான் புள்ளிராஜா இல்லை, என் கணவர் புள்ளிராஜா இல்லை, ஆகவே எனக்குப் பரிசோதனை தேவையில்லை. வேறு எவரோடும் தொடர்பே இல்லாத மனைவிமார் எத்தனை பேர் அந்தக் கணக்கை நம்பிப் பிந்திப்போனார்கள்!

மருந்தின் கதையிலும் இப்படியொரு வாசல் இருந்தது. அங்கே கேட்கப்பட்டது நடத்தையல்ல, முகவரி. இந்த வைரஸை 1983இல் கண்டுபிடித்தது இதே பாரிஸ் நகரத்துப் பாஸ்தர் நிறுவனம். அந்தப் பணிக்காகப் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தனியேயும் 2008இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் இங்கே மரணப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அந்த மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் ஆனது. அதே காலத்தில், 1928இல் காசநோய்க்கெனத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம், எய்ட்ஸ் நோயாளிகள் கடைசி நாட்களைக் கழிக்கும் இடமாகியிருந்தது. மருந்து இருந்தது. அவர்கள் இருந்த இடத்தில் இல்லை.

விலையை உடைத்ததில் இந்தியாவின் பழைய சட்டம் ஒன்றுக்குப் பங்குண்டு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் தயாரிப்பு முறைக்குத்தான் காப்புரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. 2001இல் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத், பாரிஸில் பிறந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தார். விலை தானாக நிர்ணயமான இயற்கை விதியல்ல, மனிதர் எடுத்த தீர்மானம் என்பது அன்று உலகத்துக்குத் தெரிந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று.

1996க்கும் 2004க்கும் இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் இறந்தவர்களும் அதே ஆண்டுகளில் பாரிஸில் பிழைத்தவர்களும் செய்த தவறுகளை எந்தத் தராசில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. தகுதியைப் பார்த்துத்தான் உயிர் கிடைக்கிறது என்று நம்ப விரும்புகிறவர்கள் இந்த எட்டு ஆண்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இன்று இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மருந்து எடுக்கிறார்கள். 2010உடன் ஒப்பிட்டால் புதிய தொற்றுகள் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துள்ளன. முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து மருந்து கொடுத்தார்கள். 2017 முதல் தொற்று தெரிந்தவுடன் கொடுக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஆதாரமான ஆய்வுகளில் முக்கியமானது 9 நாடுகளில் 1763 இணையரை வைத்துச் செய்யப்பட்டது. அதில் சென்னை இணையரும் இருந்தார்கள். ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. முன்கூட்டியே மருந்து எடுத்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் முடிவு வந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் இதை இன்னும் உறுதிசெய்தன. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் அது மற்றவருக்குத் தொற்றாது.

இது ஒரு மருத்துவச் செய்தி மட்டுமல்ல. ஒருவருக்குச் சிகிச்சை கொடுப்பதும் மற்றவரைக் காப்பதும் ஒரே செயல் என்று இது சொல்கிறது. இவர் தகுதியானவரா என்று வாசலில் நிறுத்தி விசாரிக்கும் ஒவ்வொரு நாளும், விசாரிப்பவரின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஆபத்து வளர்கிறது. இரக்கமே இல்லாத, வெறும் சுயநலக் கணக்குப் போடும் ஒருவரும் வந்து சேரவேண்டிய முடிவு ஒன்றுதான்: முதலில் மருந்தைக் கொடு.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. "எப்படி வந்தது என்று கேட்கவே கூடாதென்றால் நோயை எப்படித் தடுப்பது? மனைவிக்குத் தெரியவேண்டாமா? கட்டப்போகும் பெண்ணுக்குத் தெரியவேண்டாமா?" இது நியாயமான கேள்வி. இந்திய உச்ச நீதிமன்றமே இதில் தடுமாறியது. நாகாலாந்து மருத்துவர் ஒருவர் சென்னையில் இரத்தம் கொடுத்தபோது தொற்று தெரியவந்தது. செய்தி மருத்துவமனையிலிருந்து வெளியே போனது. திருமணம் நின்றது, ஊரும் ஒதுக்கியது. தீர்ப்பில் அவருக்கும் மருத்துவமனைக்கும் பெயர் இல்லை, எழுத்து மட்டுமே. 1998இல் நீதிமன்றம், மணமகளின் உயிருரிமை அவருடைய அந்தரங்க உரிமையைவிடப் பெரியது என்றது. அதோடு நிற்காமல், இப்படியானவர்களின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் சொன்னது. 2002இல் அந்தப் பின்பகுதியைத் தேவையற்றது என்று விலக்கியது.

மணமகளுக்குத் தெரியவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவரின் இரகசியத்துக்கு இன்னொருவரின் உடல் விலையாக முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியது என்ன? அவருக்குத் தொற்று உண்டு, இன்னின்ன வழியில் காத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஊருக்குத் தெரியவேண்டியது எதுவுமில்லை. இந்தியா 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த எச்.ஐ.வி. சட்டம் இந்தக் கோட்டை ஓரளவு கவனமாகவே போட்டிருக்கிறது. துணைக்கு உண்மையான ஆபத்து இருந்து, நோயாளி தானாகச் சொல்லமாட்டார் என்ற நிலை வந்தால், மருத்துவர் ஆலோசனைக்குப் பிறகு துணையிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் அடி விழும், கைவிடப்படுவார் என்று அஞ்சவேண்டிய நிலையில், குறிப்பாகப் பெண்கள் விடயத்தில், சொல்லக்கூடாது. வேலைக்கும் பள்ளிக்கும் சிகிச்சைக்கும் தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதை அந்தச் சட்டம் தடைசெய்கிறது.

ஆக "எப்படி வந்தது?" என்பது ஒரே சொற்களில் இரண்டு கேள்விகள். ஒன்று, அடுத்தவருக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று தேடும் கேள்வி. அதை மருத்துவர் மூடிய அறையில் கேட்பார். பதில் எதுவானாலும் மருந்தின் அளவு மாறாது. மற்றது, இவருக்கு இது வேண்டியதுதானா என்று தீர்மானிக்கும் கேள்வி. அது தெருவில் கேட்கப்படும். பதிலைப் பொறுத்து முகம் மாறும். முதற் கேள்விக்கு மனிதர்கள் உண்மை சொல்வதற்கே பயப்படும்படி செய்வது இரண்டாவது கேள்விதான்.

அந்த இரண்டாவது கேள்வி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்தது. மாநிலமே கொதித்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் இரத்தம் கொடுத்த இளைஞரேதான். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், அந்த இரத்தத்தை எவருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொல்வதற்கு அவர் தானாகவே போனார். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். சில நாட்களில் அவர் நஞ்சருந்தி இறந்துபோனார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் பரிசோதனையில் தெரிந்தது.

அந்த இளைஞரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இரத்தத்தைச் சரியாகப் பரிசோதித்திருக்கவேண்டியவர்கள் வேறு பலர். அவர் செய்தது இந்தக் கதை முழுவதிலும் எவரும் செய்யாத நேர்மையான காரியம். முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றுவதற்காகத் தன் இரகசியத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு வேண்டிய மாத்திரை மாவட்டத்திலேயே இலவசமாக இருந்தது. அதை எடுத்திருந்தால் நீண்டகாலம் வாழ்ந்திருக்கலாம். மாத்திரை இருந்தும் அவரைப் பிழைக்கவைக்க முடியவில்லை. மருந்து எட்டுவது என்பதை மருந்தகத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பார்க்கக்கூடாது என்று அன்று புரிந்தது. ஒரு மனிதன் வெட்கப்படாமல் கைநீட்டி வாங்க முடிந்தால்தான் அது எட்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. பெரிய சாதனை. அதை எப்படிச் செய்தார்கள்? கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையையும் வழமையான இரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இவரைச் சந்தேகிக்கிறோம், அவரைச் சந்தேகிக்கவில்லை என்ற பிரிவு இல்லை. எல்லோரிடமும் கேட்டால் எவருக்கும் அவமானமில்லை. ஊசி எல்லோர் கையிலும் ஏறுவதால் அதில் குற்றச்சாட்டு இல்லை. ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆனால் அதே நாட்டில், 2016இல், தந்தை எய்ட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பள்ளியில் சேர்க்க விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இல்லை. அப்பாவிகளைக் காப்பதற்காகத்தான் நாங்கள் விசாரிக்கிறோம் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? வாசலில் காவல் வைத்தால் அந்தக் காவல் கடைசியில் அப்பாவியையும் உள்ளே விடாது.

பிரான்ஸில் எங்களுக்குச் சாக்கு இன்னும் குறைவு. இங்கே நீண்டகால நோய் என்ற வகையில் எச்.ஐ.வி. சிகிச்சைச் செலவு முழுவதையும் காப்புறுதி ஏற்கிறது. பத்திரமில்லாதவர்களுக்கும், சில நிபந்தனைகளோடு, அரச மருத்துவ உதவி உண்டு. 2022 முதல் மருத்துவரின் சீட்டு இல்லாமலே ஆய்வகத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். தாம்பரத்தில் பலர் உயிரைக் கொடுத்துக் காத்திருந்த எல்லாமும் இங்கே நடைதூரத்தில் இருக்கிறது. இருந்தும் அந்த மனிதர் தமிழ் வேண்டாம் என்றார்.

வெளியிலிருந்து வந்தவர்கள் நோயையும் கொண்டுவந்தார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. பாரிஸ் வட்டாரத்தில் வாழும் ஆபிரிக்கக் குடியேறிகளிடையே பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்டவர்களுக்குப் பிரான்ஸுக்கு வந்த பிறகுதான் தொற்று ஏற்பட்டிருக்கிறது. பத்திரமில்லாத, நிலையான வீடில்லாத ஆண்டுகளில் ஆபத்து கூடியிருந்தது. அது எங்களைப் பற்றிய ஆய்வல்ல. ஆனால் அந்த ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாதவையா? ஓர் அறையில் எட்டுப் பேர், முறைவைத்துத் தூக்கம், விசா வரும்வரை பத்து வருடம் மனைவியைக் காணாத ஆண்கள், வழியில் முகவர்களின் தயவில் மாதக்கணக்காக நின்ற பெண்கள். அந்தப் பெண்களிடம் போய் எப்படி வந்தது என்று கேட்கும் துணிவு எவருக்கு உண்டு? எங்கள் புலம்பெயர் வரலாற்றைப் பெருமையோடு சொல்லும்போது இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் சொல்கிறோம். கிழித்த பக்கங்களில் வாழ்பவர்கள் மருத்துவமனையில் தமிழைக் கண்டால் பயப்படுகிறார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. வசதி, அவர்கள் பிரெஞ்சில் தயக்கமில்லாமல் நோயைப் பேசுவார்கள். ஆபத்து, தமிழ் என்பது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரிய மொழி, உடம்பைப் பற்றி உண்மை பேசும் மொழியல்ல என்று முடிவுகட்டிவிடுவார்கள். மொழியைக் காப்பாற்றவேண்டும் என்று ஞாயிறு பள்ளிகள் நடத்துகிறோம். ஒருவர் தன் நோயைச் சொல்ல முடியாத மொழியில் எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்?

நான் பெரிய தீர்வொன்றைக் கொண்டுவரவில்லை. என் தொழிலில் ஒரு சிறிய மாற்றம் செய்தேன். இப்போதெல்லாம் அறைக்குள் நேராகப் போவதில்லை. நோயாளியிடம் முதலில் பிரெஞ்சில் கேட்கச் சொல்கிறேன்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார், அவர் உள்ளே வரலாமா, அல்லது வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில், முகமும் பெயரும் தெரியாத ஒருவர் பேசினால் நல்லதா? பலர் தொலைபேசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. முகமில்லாமல் வந்தாலும் தமிழ் உள்ளே போகிறது. மாத்திரையை எப்போது எடுப்பது, வைரஸ் அளவு என்றால் என்ன, மனைவிக்குத் தொற்றாமல் பிள்ளை பெறலாமா என்பதெல்லாம் ஒருவருக்குத் தன் மொழியில் புரிகிறது.

ஆனால் தெருவில்? எங்கள் தொழிலின் விதி, மருத்துவமனையில் கண்டவரை வெளியே கண்டால் நாங்கள் முதலில் வணக்கம் சொல்லக்கூடாது. அவரைச் சில மாதங்களின் பின் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. விதிப்படி நான் பச்சைமிளகாய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எனக்குச் சங்கடமாக இருந்தது. தெரியாததுபோல் நிற்பது அவருக்கு நான் செய்யும் மரியாதையா? அல்லது, உன்னைத் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கம் என்று அவர் எடுத்துக்கொள்வாரா? இரகசியம் காப்பதும் ஒதுக்கிவைப்பதும் வெளியே இருந்து பார்த்தால் ஒரேமாதிரித்தான் இருக்கின்றன. அவற்றை வேறுபடுத்தும் உரிமை அவருடையது. எப்போது, யாரிடம், எவ்வளவு என்று தீர்மானிப்பவர் அவராக இருந்தால் அது இரகசியம். ஊர் தீர்மானித்தால் அது ஒதுக்கல்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை எடுத்து, வளைத்துப் பார்த்துவிட்டு, தமிழில் கேட்டார்.

"அண்ணை, இது முத்தல் போல கிடக்கு. என்ன சொல்லுறியள்?"

"இந்தக் கட்டு முத்தல்தான் தம்பி. அடியில பாருங்கோ, பிஞ்சு கிடக்கும்."

அவர் அடியில் தேடி ஒரு கட்டை எடுத்தார். காசு கொடுத்தார். போகும்போது தலையசைத்தார். நானும் அசைத்தேன். எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.